இரண்டு கனகாம்பரத்துக்கு நடுவில்

மூன்று வருஷம் இருக்கும். கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் சாயங்கால ரயிலில்தான் தினமும் காரமடைக்கு வீடு திரும்புவேன். டவுனில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன் வேலை. காரமடை ஸ்டேஷனில் ஸ்கூட்டரை நிறுத்தியிருப்பேன். அதை எடுத்துக்கொண்டு போய், ட்யூஷனில் இருக்கும் என் ஆறு வயது மகளை முன்னால் நிற்கவைத்து வீட்டுக்குக் கூட்டிப்போவேன்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு ஸ்டேஷன்கள் காணாமல் போக ஆரம்பித்தன. சிரிக்காதீர்கள். வடகோவை தாண்டியது ஞாபகம் இருக்கும். அடுத்து பார்த்தால் பெரியநாயக்கன்பாளையம் வந்திருக்கும். நடுவில் துடியலூர் என்று ஒரு ஊர் வந்ததா என்றே தெரியாது. விடியற்காலையில் எழுந்து ஓடுகிறவளுக்குக் கண்ணசராதா என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

எதிர் சீட்டில் ஒரு பூக்கார அக்கா வருவார். மார்க்கெட்டில் உதிரிப்பூ வாங்கி, ரயிலிலேயே கட்டி முடித்து, காரமடையில் கோயில் வாசலில் விற்பார். எனக்கு ஜன்னலோரத்தில் துண்டு போட்டு இடம் பிடித்து வைப்பதும் அவர்தான். நானோ, கூடையில் சொட்டும் ஈரம் சேலையில் பட்டுவிடுமே என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு தள்ளி உட்காருவேன். எட்டு மாதமாக எதிரெதிரே உட்கார்ந்தும் அவர் பேரைக்கூட நான் கேட்டதில்லை. அவ்வளவு திமிர் எனக்கு.

ஒருநாள் காரமடையில் இறங்கியதும் அக்கா என் கையைப் பிடித்தார்.

"ஏனுங் கண்ணு, கோவிச்சுக்காதீங்க. இன்னிக்கு வண்டிய எடுக்க வேண்டாமுங்க."

"ஏன், எனக்கு என்ன?" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் கட்டிய சரத்தைக் கூடையிலிருந்து எடுத்து நீட்டினார். முழுக்க மல்லிகை. நடுவில் ஓரிடத்தில் ஒரு கனகாம்பரம். அதிலிருந்து ஒரு சாண் தள்ளி இன்னொன்று. மறுபடி கொஞ்ச தூரத்தில் அதே மாதிரி இரண்டு.

"இந்தப் பூவக் கட்டறப்ப நீங்க நெனவில்லாமப் போனீங்க, இந்தப் பூக்கிட்ட திரும்பி வந்தீங்க. கொஞ்ச நாளாவே பாக்கறேனுங்க, இன்னிக்கு ரெண்டு வாட்டிங்க. கண்ணு ரெண்டும் தெறந்துதான் இருக்குது. கூப்புட்டா பேச்சில்ல. வாய் சும்மா மென்னுக்கிட்டே இருக்குதுங்க, கை முந்தானையப் பிசையுது. தூக்கமுன்னா இப்பிடி இருக்காதுங்க. வாயில சொன்னா நீங்க நம்பமாட்டீங்கன்னுதான் பூவுல கட்டுனேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. கையை உதறப் போனேன். அந்த நிமிஷம், ஸ்கூட்டரில் எனக்கு முன்னால் நின்றுகொண்டு கண்ணாடியைப் பிடித்து விளையாடும் என் மகளின் தலை நினைவுக்கு வந்தது. மேட்டுப்பாளையம் ரோட்டில், லாரிகளுக்கு நடுவில், இந்த ஒரு சாண் வந்தால்? ட்யூஷனில் மகள் காத்திருப்பாள் என்று சொல்லி, சாவியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

"நானுங் கூட வாரேனுங்க, புள்ளையக் கூட்டிக்கிட்டு நடந்தே போலாம்" என்று கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டார். அன்றைக்குக் கோயில் வாசலில் அவர் கடை இல்லை.

என் கணவர் டாக்டரிடம் கூட்டிப்போனார். "எவ்வளவு நேரம் நினைவில்லாமல் இருப்பீர்கள்?" என்று டாக்டர் கேட்டார். நினைவில்லாதவளிடம் போய் அதைக் கேட்டால் நான் என்ன சொல்வேன்? அக்கா கொடுத்திருந்த சரம் வாடிப்போய்ப் பையில் இருந்தது, அதை எடுத்துக் காட்டினேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும், கட்டினவரை அடுத்த தடவை அழைத்து வரச் சொன்னார். அக்கா வந்து, டாக்டர் மேஜை முன்னாலேயே ஒரு சாண் கட்டினார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு நான் முழுசாகத் தெளிவதற்குத்தான் இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்குமாம், ஸ்டேஷன்கள் காணாமல் போனது அதில்தான். கை கால் இழுக்காமல் வரும் ஒரு வகை வலிப்பு என்றும், மாத்திரையில் கட்டுப்படுத்தலாம் என்றும் சொன்னார். வேலையிடத்தில்கூட "கூப்பிடக் கூப்பிடப் பார்த்துக்கிட்டே இருக்கீங்க" என்று பல் காட்ட வந்த ஒரு பெரியவர் சண்டை போட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மாத்திரை கேட்டது. இரண்டு வருஷத்துக்கு மேலாக எந்த ஸ்டேஷனும் காணாமல் போகவில்லை. ஸ்கூட்டர் இப்போது என் கணவரிடம். நானும் மகளும் வளவளவென்று பேசிக்கொண்டே நடந்துதான் வீட்டுக்குப் போகிறோம்.

இன்றைக்கும் அதே ரயில், அதே சீட்டு. ஈரக்கூடையை என் பக்கம் இழுத்து வைத்துக்கொள்கிறேன். அக்காவின் பேரும் தெரியும், அவர் காபிக்கு எத்தனை சர்க்கரை என்பதும் தெரியும். காரமடை வந்ததும் சரத்தைத் தூக்கிக் காட்டி, "பூராத்துக்கும் வெள்ளைதானுங் கண்ணு" என்பார். அதில் ஒரு கிள்ளு வாங்கி மகளுக்கு வைத்துவிடும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்: நான் முகம் கொடுத்துப் பேசாத அந்த நாட்களிலும், என்னைவிட்டுப் போன நிமிஷங்களை ஒருத்தர் எனக்காகத் தன் விரலில் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.