வேங்கைக் கதவும் சர்க்கரை இல்லாத டீயும்

1. ஏறிக் குதித்தவர்

நாமக்கல்லிலிருந்து வந்த அந்த மனிதர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். சாம்பிள் பலகைக்கு இரண்டு பக்கமும் செங்கல் முட்டுக் கொடுத்தார். ஏறி நின்று குதித்தார்.

பலகை உடைந்தது. அவரும் விழுந்தார். விழுந்தவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“பார்த்தியா மேஸ்திரி! இந்த அட்டையிலதான் என்ற ஊட்டுக்குச் சமையல்கட்டு அடிக்கப் பார்த்தியா?”

உடைந்தது மரத்தூளை அமுக்கிச் செய்கிற பார்ட்டிகிள் போர்டு. அடுத்து வைத்தது நடுவில் மரக்கட்டைகளை அடுக்கி ஒட்டிய பிளாக் போர்டு. அது உடையவில்லை, முனகியது. அதையும் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார். அவர் லாரி வைத்திருப்பவர். அவர் ஊரில் புது லாரிக்கு பாடி கட்டி முடித்தால், ஓனர் ஏறித் தளத்தில் குதித்துப் பார்த்துத்தான் வண்டியை எடுப்பாராம். சமையலறைக்கும் அதே பரீட்சை வைத்துவிட்டார்.

எங்கள் பட்டறை சூரமங்கலத்தில் இருக்கிறது. வீட்டுக்குள் அடிக்கும் அலமாரி, கதவு, சமையலறைப் பெட்டி எல்லாம் அங்கே செய்வோம். நான் ஆட்டையாம்பட்டியில் தறி ஓட்டிவிட்டு இந்த வேலைக்கு வந்தவள், படித்தது அஞ்சாவது. பலகை மேல் மைக்கா என்கிற பளபளப்பான தகடு ஒட்டுவதும் ஓரம் தேய்ப்பதும் என் வேலை. கஸ்டமர் வந்தால் மைக்கா அடுக்குக்குப் பின்னால் போய்விடுவேன். புதிதாக வருகிற பெண்களுக்கு மரம், பலகை பற்றிச் சொல்லச் சொன்னார்கள். பேச வராது, எழுதித் தருகிறேன் என்றேன்.

2. வேங்கைதான் வேணும்

லாரிக்காரர் கடைசியில் கேட்டது வேங்கை மரம். சமையலறையின் எல்லாக் கதவும் ஒரு இஞ்ச் வேங்கையில் வேண்டுமாம். லாரித் தளத்துக்குப் போடுகிற கனம்.

மேஸ்திரி முருகேசன் நல்ல மனிதர்தான். ஆனால் பெரிய ஆர்டரைப் பார்த்தால் குரல் சின்னதாகிவிடும். “கனம் சாஸ்திங்கண்ணா. கீல் தாங்காதுங்க” என்றார்.

“லோடு சாஸ்தின்னா ஸ்பிரிங் பட்டையக் கூட்டுவமில்ல? கீலை ரெட்டிப்பாப் போடு!”

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவருடன் அவர் மனைவி பாவாயி அக்காவும் வந்திருந்தார். யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. அவர் மெதுவாக மைக்கா அடுக்குக்குப் பின்னால் வந்தார். நான் ஒளிந்திருந்த இடம் அது. இடத்தைப் பங்கு போட்டுக்கொண்டோம்.

“ஏனுங்க, அந்த மரம் கனமுங்களா?”

ஒரு துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வலது கையால் வாங்கியவர், உடனே இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

“தோள்பட்டை உறைஞ்சு போச்சுதுங்க. இந்தக் கையைத் தூக்கவே முடியறதில்ல. பழைய ஊட்டுல கதவே இல்லாத அலமாரிங்க, எலியும் நானும் ஒண்ணாச் சமைச்சோம். புது ஊட்டுலயாச்சும் கதவு வெச்சு, ஒத்தைக் கையில தொறக்கறாப்புல இருந்தாப் போதும்னு இருந்தேன்.”

“அவர்கிட்டச் சொல்லலீங்களா?”

“சொன்னேனே. தொறந்து தொறந்துதான் கை சரியாகுமாம். என்னையும் லாரின்னு நெனைச்சுட்டாரு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான். ஆனால் சிரித்து முடித்தபோது அவர் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

3. டீ

அவர்களுடைய புது வீட்டில் கதவுகள் மாட்டினோம். ஒவ்வொன்றையும் தூக்க இரண்டு ஆள். கீலை ரெட்டிப்பாகப் போட்டதில், கீலுக்குள் கதவை இழுத்து மூடுகிற ஸ்பிரிங்கும் ரெட்டிப்பாகிவிட்டது. திறக்கக் காலை ஊன்றி இழுக்க வேண்டும். விட்டால் ஆளையும் சேர்த்து உள்ளே வைத்து மூடிக்கொள்ளும் போலிருந்தது. பாலீஷ் மட்டும் பாக்கி. பாலீஷ் அடித்து, பால் காய்ச்சிக் குடி வந்துவிட்டால் அப்புறம் யார் மாற்றுவார்கள்? பாவாயி அக்காவின் மிச்சக் காலம் அந்தக் கதவுகளோடுதான்.

ஓரம் தேய்க்க நான் போயிருந்த அன்று அக்கா ஒரு பையோடு வந்தார். அதில் பால், டீத்தூள், சர்க்கரை, டம்ளர், சட்டி. அடுப்பு ஏற்கெனவே வந்து மேடையில் இருந்தது. என் காதருகே வந்து கேட்டார்.

“இதுல கனமான கதவு எதெதுங்க?”

பேச வராதவளுக்குக் கை காட்ட வரும். சர்க்கரை மேல் அலமாரிக்குப் போனது. டீத்தூள் மூலைக் கதவுக்குள். சட்டி கீழே. டம்ளர் எதிர்ப்பக்கம். அடுக்கிக் கொடுத்தது நான்தான்.

லாரிக்காரரும் மேஸ்திரியும் வந்ததும் அக்கா நாற்காலியில் சாய்ந்தார்.

“ஏனுங்க, தோள் விண்ணு விண்ணுனு வலிக்குது. எனக்கும் இவங்களுக்கும் இன்னைக்கு ஒரு டீ வெச்சுக் குடுங்களேன்.”

“நானா?”

“புது ஊட்டுல மொதல் டீ ஓனரு வெச்சா நல்லதுதானுங்க. வண்டிய மொதல்ல நீங்கதான ஓட்டிப் பார்ப்பீங்க?”

அந்த மனிதருக்கு டீ குடிக்கத் தெரியும். எது எங்கே இருக்கும் என்று தெரியாது. முதல் கதவை இழுத்தார், காலி. இரண்டாவது, காலி. மூலைக் கதவைத் திறந்து தலையை நீட்டினார். கதவு திரும்பி வந்து முதுகில் வைத்தது ஒன்று.

“எவண்டா அது!”

“கதவுங்கண்ணா” என்றார் மேஸ்திரி.

சட்டி கிடைத்தது. பால் பொங்கியது. டம்ளரைத் தேடி எதிர்ப்பக்கம் ஓடினார். அடுப்பை அணைக்க இந்தப் பக்கம் ஓடி வந்தார். சட்டை நனைந்துவிட்டது. ஒரு கதவை இரண்டு கையாலும் இழுத்தபோது கீல் கழன்று கதவு ஒரு பக்கம் தொங்கியது. நான் உப்புத்தாளை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

டீ வந்தது. அக்கா ஒரு வாய் குடித்தார்.

“சர்க்கரையே இல்லீங்களே?”

லாரிக்காரர் மேல் அலமாரியை நிமிர்ந்து பார்த்தார். கதவை இழுத்து இழுத்து வலித்த கையைப் பிசைந்துவிட்டுக்கொண்டார்.

“எனக்குச் சர்க்கரை வேண்டாம்.”

“எனக்கு வேணுமுங்களே.”

அவர் எழவில்லை. அக்காவின் தோளைப் பார்த்தார். அதுவரை அதை அப்படிப் பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். சர்க்கரை இல்லாத டீயை முழுக்கக் குடித்து முடித்தார்.

“மேஸ்திரி, அந்த முனகுற பலகை இருந்துதே, அதுல போட்டுரு.”

பிளாக் போர்டில் கதவுகள் போட்டோம். மேலே நான் மைக்கா ஒட்டினேன். தண்ணீர் படுகிற சிங்க் அடிப்பெட்டிக்கு மட்டும் பிவிசி பலகை. கழற்றிய வேங்கை வீண் போகவில்லை. கிரைண்டரும் அரிசி டிரம்மும் உட்காருகிற தட்டுக்குப் போட்டோம். அதன் மேல் அவர் ஏறிக் குதித்துப் பார்த்தார். ஆசைக்குக் குதிக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

பெண்களே, நான் தெரிந்துகொண்டது இதுதான். படுத்துச் சுமக்கிற பலகை வேறு, தொங்கித் திறக்கிற பலகை வேறு. எது நல்ல மரம் என்று கேட்டு ஆள் வந்தால் மரத்தின் பேரைச் சொல்லாதீர்கள். தினமும் அதைத் திறக்கப் போவது யார், அவர் கை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் மைக்கா அடுக்குக்குப் பின்னால் போய் நில்லுங்கள். கேட்க வேண்டிய ஆள் பெரும்பாலும் அங்கே வந்துவிடுவார்.

பால் காய்ச்சிய அன்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வீடு முழுக்கச் சொந்தபந்தம், ஒறம்பறை. பாவாயி அக்கா இடது கையின் ஒரு விரலை மாட்டி மேல் அலமாரியைத் திறந்து, சர்க்கரை டப்பாவை எடுத்து என் டம்ளரில் இரண்டு கரண்டி போட்டார். தேவைக்கு மேலே ஒரு கரண்டி. அப்புறம் காரணமே இல்லாமல் அந்தக் கதவை மூடி, இன்னொரு தரம் திறந்தார்.