பீரோவில் ஒன்று, ஊருக்கு ஒன்று

போன வாரம் பாலக்காட்டில் ஒரு வாட்ச் கடையில் என் அண்ணன் பழனிச்சாமி உட்கார்ந்திருந்த தோரணையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கால்மேல் கால். மீசைக்குள் ஒரு சிரிப்பு. எதிரே மேஜையில் அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு ஸ்விஸ் வாட்ச்சுகள். ஒன்று ஒரிஜினல், ஒன்று டூப்ளிகேட்.

கடையை நடத்துவது ஒரு மலையாளிப் பெண்மணி. நம்மோடு தமிழில்தான் பேசுவார், அவருக்கு வந்த தமிழில்.

"சேட்டா, இதில ஏதா ஒரிஜினல்? நீங்க முதல்ல சொல்லுங்கோ."

அண்ணன் யோசிக்கவே இல்லை. பளபளவென்று இருந்ததைத் தொட்டார். "இதுதானுங்க. கண்ணக் கட்டிட்டுக் கேட்டாலும் சொல்லுவேன்."

நானும் பலமாகத் தலையாட்டினேன். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சந்தேகம் என்ற வியாதி கிடையாது.

இரண்டு வாட்ச் எதற்கு என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். கேரள எல்லையில் எங்கள் மீனாட்சிபுரத்தில் அண்ணனுக்குத் தென்னந்தோப்பும் மாடுகளும் உண்டு. அவர் மகள் நிவேதா கைக்குழந்தையாக இருந்தபோது துபாயிலிருந்து அண்ணியின் தம்பி அவருக்கு ஒரு ஸ்விஸ் வாட்ச் கொண்டுவந்து கட்டினார். அன்றோடு போயிற்று நிம்மதி. சொந்தத்தில் எந்தப் பையன் பெண் பார்க்கப் போனாலும், "மாமா, அந்த வாட்ச்ச ஒரு நாளைக்குக் குடுங்க" என்று வந்து நிற்பான். கொடுத்தால் பயம். கொடுக்காவிட்டால் பகை... சொந்தபந்தத்தில் 'இல்லை' என்ற சொல்லுக்கு வாரிசுகள் வரைக்கும் ஆயுள் உண்டு.

அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். கோயமுத்தூரில் அதே மாதிரி ஒரு டூப்ளிகேட் வாங்கினார். ஒரிஜினல் பீரோவுக்குள். டூப்ளிகேட் ஊருக்கு! அதற்குப் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் சிரித்த முகத்தோடு எடுத்துக் கொடுத்தார். எங்கள் பக்கத்து மாப்பிள்ளைகள் பாதிப் பேர் பெண் பார்த்தது, நிச்சயம் செய்தது, தாலி கட்டியது எல்லாம் அந்த வாட்ச்சோடுதான்.

இப்போது நிவேதாவுக்கே நிச்சயதார்த்தம். பெண் வீட்டில் மாப்பிள்ளைக்கு வாட்ச் கட்டுவது எங்கள் வழக்கம். பீரோவைத் திறந்தால் ஒரிஜினல் ஓடவில்லை. குலுக்கினார், தட்டினார், காதில் வைத்துப் பார்த்தார். ம்ஹூம்! அதனால்தான் அண்ணியையும் நிவேதாவையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தோம். டூப்ளிகேட் எதற்காம்? ரிப்பேர் செய்கிறேன் என்று உள்ளே இருப்பதை மாற்றிவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். அண்ணன் அவ்வளவு உஷார்.

அந்தப் பெண்மணி இரண்டையும் எடை போட்டார். லென்ஸுக்கு அடியில் வைத்து, பெரிய திரையில் காட்டினார். பளபளப்பான வாட்ச்சில் எழுத்தின் ஓரமெல்லாம் மை கசிந்து பிசிறடித்திருந்தது. கீறல் விழுந்த வாட்ச்சிலோ ஒவ்வொரு எழுத்தும் வெட்டி எடுத்தது போல நின்றது. பிறகு பின்மூடிகளைக் கழற்றினார். பளபளப்பின் வயிற்றுக்குள் அராவிய தடமும் துருவும். கீறல் வாட்ச்சுக்குள் கண்ணாடி மாதிரி வழவழப்பு. நுணுக்கமாக வெட்டிய கோடுகள், வரிசை எண்.

"சேட்டா, தெற்றிப்போச்சு" என்றார்.

தெற்று என்றால் தப்பு. எல்லையில் பிறந்தவர்களுக்கு அதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. அண்ணனின் மேல் கால் மெல்லக் கீழே இறங்கியது.

எப்படி மாறியது? காரில் திரும்பும்போது அண்ணிதான் அந்தக் குட்டை உடைத்தார். "டூப்ளிகேட்டு வந்த அன்னிக்கே மாறிருக்குமுங்க. ரெண்டு கையிலயும் ரெண்டையும் கட்டிட்டு, எங்கிட்ட வந்து எது ஒரிஜினல் சொல்லுன்னு பந்தாக் காட்டுனீங்களே, மறந்துபோச்சா? கழட்டறப்ப மாத்தி வெச்சிருப்பீங்க."

ஆக, இத்தனை வருஷம் பூட்டிப் பாதுகாத்தது போலியை. ஊர்சுற்றியது அசல். எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணன் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

"செரி, போகட்டும். ஒரிஜினல் எதுன்னு தெரிஞ்சுபோச்சல்ல. அதையே கட்டிடலாம்" என்றேன். எனக்கு எல்லாமே சுலபம்.

"எப்படிங்க கட்டறது?" என்றார் அண்ணி. "அது டூப்ளிகேட்டுன்னு ஊருக்கே தெரியுமே!"

அண்ணன் பிரேக்கை மிதித்தார். "தெரியுமா? ஆருக்குத் தெரியும்?"

"உங்களத் தவிர எல்லாத்துக்கும் தெரியுமுங்க. நீங்க சிரிச்சுட்டே எடுத்துக் குடுத்தப்பவே கண்டுபுடிச்சுட்டாங்க. பாவம், உங்க மனசு நோகக் கூடாதுன்னு ஆரும் சொல்லல."

இப்போது புரிகிறதா சிக்கல்? அசலைக் கட்டினால், பெண் வீட்டார் இரவல் கொடுக்கும் போலியை மாப்பிள்ளை தலையில் கட்டிவிட்டார்கள் என்று பேச்சு வரும். அந்தப் பேச்சு நிவேதாவோடு புகுந்த வீட்டுக்கும் போகும். போலியைக் கட்டினால் எல்லோரும் கைதட்டுவார்கள். கடையில் ஒரிஜினல் என்று எழுதித் தருகிறோம் என்றார்கள்தான். மாப்பிள்ளை கையில் வாட்ச், மாமனார் கையில் சர்டிபிகேட் என்று மேடையில் நிற்க முடியுமா?

"பளபளன்னு இருக்கறதையே ஓட வெச்சுக் கட்டிரலாமுங்க" என்றார் அண்ணி. அண்ணனும் மெதுவாக அந்தப் பக்கம் சாய்வது தெரிந்தது. உண்மையைச் சொல்கிறேன், நானும் சாய்ந்தேன்.

பின்சீட்டில் என் பக்கத்தில் இருந்த நிவேதா அப்பாவின் சீட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். "அப்பா, அவரு அத ஒரிஜினல்னு நம்பி தெனமும் கட்டிட்டு ஆபீஸ் போவாருங்க. நான் தெனமும் அதப் பாத்துட்டு எப்படிங்கப்பா கம்முன்னு இருக்கறது?"

அண்ணன் கண்ணாடியில் ஒரு முறை மகளைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். இந்தப் பெண்ணுக்கு இருக்கும் தெளிவு எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்தே இல்லையே?

ஞாயிற்றுக்கிழமை நிச்சயம். அண்ணன் கீறல் வாட்ச்சை எடுத்து மாப்பிள்ளை கௌதமின் கையில் கட்டினார். கட்டி முடிக்கவில்லை, பின்வரிசையிலிருந்து ஒரு குரல் - "அட, நம்ம வாட்ச்சு!"

கோவிந்தாபுரம் ரங்கசாமி. எங்கள் பெரியம்மா பேரன். அந்த வாட்ச்சைக் கட்டிக்கொண்டு கல்யாணம் முடித்தவன். அவனைச் சுற்றி இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா திரும்பிப் பார்த்தார். பிறகு மகனின் கையைப் பிடித்துத் திருப்பினார். கீறல்களைப் பார்த்தார். முகம் இறுகிவிட்டது.

"என்னங்க சம்பந்தி இது?"

நிவேதா தலை குனியவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் மைக்கை வாங்கினார். ஐயோ, என்ன சொல்லப்போகிறாரோ! அவர் எதையும் மறைக்கவில்லை. டூப்ளிகேட் வாங்கியது, கேட்டவர்களுக்கு அதைக் கொடுத்து ஏமாற்றுவதாக நினைத்தது, கடையில் மூக்கு உடைபட்டது... எல்லாவற்றையும் சொன்னார்.

"இது ஒரிஜினலுங்க சம்பந்தி. கடையில தெறந்து பாத்தாச்சு. நீங்களும் எங்க வேணும்னாலும் தெறந்து பாத்துக்கோங்க. புதுசுன்னு நான் சொல்லல. இந்த ஊரு மாப்பிளைங்க கட்டிக் கட்டித்தான் இப்படித் தேஞ்சு கெடக்குது. பளபளன்னு இன்னொண்ணு ஊட்டுல இருக்குதுங்க. அதக் கட்டியிருந்தா ஆருக்கும் தெரியாது. என்ற புள்ளைதான் வேண்டாம்னுருச்சு."

மாப்பிள்ளையின் அப்பா நிவேதாவைப் பார்த்தார்.

அதற்குள் ரங்கசாமி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டான். முகத்தில் அப்படி ஒரு வேதனை.

"அட ஏனுங் மாமா! டூப்ளிகேட்டு டூப்ளிகேட்டுன்னு என்ற கல்யாண ஆல்பத்துல ஒரு போட்டோல கூட எடது கையக் காட்டாம நின்னனேங்! போட்டோக்காரரு கையெங்கப்பா கையெங்கப்பான்னு கத்துனாருங்!"

"நான் சட்டைக் கைய எறக்கி விட்டுட்டனுங்" என்றது இன்னொரு குரல்.

முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் அப்பாதான். கண்ணில் தண்ணீர் வர வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் மண்டபமே சிரித்தது. சிரித்து முடித்து அவர் நிவேதாவிடம் வந்தார். "அம்மிணி, வாட்ச்ச நான் தெறந்து பாக்க வேண்டியதில்ல" என்றார். அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். வியர்வை என்று சொன்னார். நாங்களும் நம்பினோம்.

ஒரு விஷயம் பாருங்கள். அசலையே கட்டியிருந்தாலும், போலி என்று நினைத்துவிட்டால் கை தானாகச் சட்டைக்குள் போய்விடுகிறது. வாட்ச்சை லென்ஸில் வைத்துப் பார்க்கக் கடை இருக்கிறது. மனதுக்குள் இருப்பதைப் பார்க்க என்ன செய்வது?

நேற்று நிச்சயதார்த்தப் போட்டோக்கள் வந்தன. எல்லாவற்றிலும் மாப்பிள்ளையின் இடது கை முன்னால் நிற்கிறது - பாதிப் படத்தில் எங்கள் நிவேதாவையே மறைத்துக்கொண்டு!