எக்ஸ்ரே டாக்டராக வேண்டும் என்ற பேத்தியோடு கேமரன் மலைக்கு

போன வாரம் பேத்தி தர்ஷினி திடீரென்று லீவு போட்டு, "பாட்டி, சனிக்கிழமை கேமரன் மலைக்குப் போலாம்" என்றாள். எனக்கு உடனே சந்தேகம் வந்தது. ஆஸ்பத்திரியில் தூங்கக்கூட நேரமில்லாத டாக்டர் அவள். எங்கள் குடும்பத்தில் முதல் டாக்டர். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே கிடையாது. காரணமில்லாமல் கிழவிக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறவள் இல்லை.

காலை ஏழு மணிக்கு எங்கள் ஊர் பீடோரிலிருந்து கிளம்பினோம். மலையடிவாரத் தாப்பாவிலிருந்து மேலே ரிங்லெட் ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர், முழுக்க வளைவு. தலைசுற்றல் உள்ளவர்கள் முன்சீட்டில் உட்காருங்கள். எதிரே காய்கறி லோரி வந்தால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், நீங்கள் ஓட்டாத பட்சத்தில்.

பாதி மலையில் விஷயம் வெளியே வந்தது. எந்தத் துறையில் மேற்படிப்பு என்று திங்கட்கிழமைக்குள் அவள் எழுதிக் கொடுக்க வேண்டும். அவளுக்கு ஆசை, எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோய் சொல்லும் வேலை. அவள் அப்பா, அதாவது என் மகன், ஆபரேஷன் டாக்டராகு என்கிறான். படம் பார்ப்பதை இனிமேல் கம்ப்யூட்டரே செய்துவிடுமாம். அப்பாவிடம் அவளுக்காக நான் பேச வேண்டும். அதற்குத்தான் இந்தச் சுற்றுலா.

சும்மா பேசிவிடுவேனா? ஒவ்வொரு துறையாகக் கேட்டேன். தோல் டாக்டர்? புள்ளியைப் படம் பிடித்தால் மெஷினே நோயைச் சொல்லப் பார்க்கிறது, ஆனால் வெட்டியெடுக்க ஆள் வேண்டும் என்றாள். கண்? சர்க்கரை நோயாளியின் கண் படத்தை மெஷின் பார்த்துவிடும், ஆனால் புரை எடுப்பது டாக்டர்தான். ஆபரேஷன்? மெஷினுக்குக் கை இருக்கிறது, ஆனால் அதை ஆட்டுவது இன்னும் டாக்டர். மனநோய்க்கு எதிரே ஒரு மனுஷர் உட்கார வேண்டும், ஆனால் இப்போதே சிலர் போனிடம் அழுகிறார்களாம். இத்தனை 'ஆனால்' போட்டு ஒருவன் கோழி விற்றால் நான் வாங்க மாட்டேன்.

ரிங்லெட்டில் ஒரு டீக்கடையில் தே குடித்துவிட்டு, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருக்கும் என் தம்பி மகன் குமரன் வீட்டுக்குப் போனோம். கொழுந்து வெட்டும் மெஷினில் அவனுக்கு வேலை. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து செடிமேல் ஓட்டுவார்கள், கொழுந்து பின்னால் பையில் விழும். மெஷின் வந்ததில் யாருக்காவது வேலை போனதா என்று தர்ஷினி கேட்டாள்.

"யாரையும் நிறுத்தல டாக்டரம்மா. ரிட்டயர் ஆனவங்க இடத்துல ஆள் போடல, அவ்ளோதான்."

உள்ளே இருக்கிறவனுக்கு ஒன்றுமில்லை. வாசலில் நிற்கிறவளுக்குத்தான் கதவைச் சாத்துவார்கள். ஆபரேஷனையே எடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் இன்னொன்று கேட்டாள்: முற்றின இலையையும் மெஷின் சேர்த்து வெட்டிவிட்டால்?

"மெஷினயா ஏசுவாங்க? கங்காணி என்னத்தான் ஏசுவாரு லா," என்று சிரித்தான்.

காருக்கு நடக்கும்போது நான் சிரிக்கவில்லை. "நாளைக்கு கம்ப்யூட்டர் படத்துல ஒண்ணுமில்லங்குது, ஒனக்கு ஏதோ இருக்குன்னு படுது. ஒன் பேச்சு எடுபடுமா? இல்ல, ஏச்சு வாங்க மட்டும்தான் ஒன்ன வச்சிருப்பாங்களா?"

கார் கதவைப் பிடித்தபடி நின்றாள். "தெரியல பாட்டி. ஆனா படம் பாக்கத் தெரிஞ்ச ஆளே இல்லாம போயிட்டா, அது தப்பு பண்றது யாருக்குத் தெரியும்?"

அன்று நான் கேட்டதில் சந்தேகப்படாமல் எடுத்துக்கொண்டது அந்தத் 'தெரியல' ஒன்றைத்தான்.

பிறகு மேலே கியா பார்ம் காய்கறிச் சந்தைக்குப் போனோம். சனி, ஞாயிறில் போகாதீர்கள். நாங்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் ஜேமில் நின்றோம். ஸ்ட்ராபெரியை மேலே மட்டும் பார்த்து வாங்காதீர்கள், பெட்டியைத் திருப்பி அடியையும் பாருங்கள். வயதானவர்களுக்கு சுவெட்டர் கட்டாயம்.

அந்த ஜேமில்தான் மகனுக்கு போன் போட்டேன். "புள்ள எக்ஸ்ரே படிக்கட்டும்," என்றேன். கம்ப்யூட்டர் வந்துவிடுமே என்று ஆரம்பித்தான்.

"வரட்டும். அத நான் நம்பல. அதனாலதான் இவ அங்க இருக்கணுங்கறேன்."

"லைன் சரியில்லம்மா, அப்புறம் பேசறேன்," என்று வைத்துவிட்டான். மலையில் சில இடங்களில் லைன் கிடைக்காது. முக்கியமான போனை வீட்டிலேயே பேசிவிட்டுக் கிளம்புங்கள். எனக்கு அன்று லைன் நன்றாகத்தான் இருந்தது.