இரண்டு பூட்டுப் போட்ட மதகு

போன வாரம் ஒரு சமாதான மாநாட்டுக்குப் போய்வந்தேன். ஜெனீவாவுக்கு அல்ல... போடிக்கு மேற்கே, மலையடிவாரத்து ஓடைக்கரைக்கு.

சண்டை இரண்டு ஊர்களுக்கு. மேலப்பட்டி, கீழப்பட்டி என்று வைத்துக்கொள்வோம். நிஜப் பெயரைப் போட்டால், எங்கள் ஊரை ஏன் இரண்டாவதாக எழுதினாய் என்று என் ஏலக்காய்க் கடைக்கே வந்துவிடுவார்கள்.

சண்டை எதற்கு? தண்ணீருக்கு என்று நினைத்தால் நீங்கள் அப்பாவி. சித்திரைத் திருவிழாவில் எந்த ஊர்ப் பெரியவர் தலையில் முதலில் பரிவட்டம் கட்டுவது என்பதற்கு. பூசாரி ஏதோ ஒரு தலையைத் தேர்ந்தெடுத்துத் தொலைத்தார். கோயிலைப் பூட்டினால் சாமி குற்றம். அதனால் மதகைப் பூட்டினார்கள்.

மலையிலிருந்து வரும் ஓடைத் தண்ணீரை இரண்டு ஊர்க் குளங்களுக்கும் திருப்பிவிடுகிற ஒரே மதகு அது. மேலப்பட்டிக்காரர்கள் ஒரு பூட்டைப் போட்டார்கள். நாங்கள் மட்டும் இளைத்தவர்களா என்று கீழப்பட்டி இன்னொன்றைப் போட்டது. இரண்டும் திண்டுக்கல் பூட்டு, கள்ளச் சாவிக்கு மசியாது. எதிரிக்குத் தண்ணீர் போகக்கூடாது என்ற உயர்ந்த கொள்கையில், தனக்கும் போகவில்லை என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. தியாகம் என்றால் இதுவல்லவா?

குளங்கள் வற்றின. வைகாசி வெயிலில் குட்டையாகச் சுருங்கிய தண்ணீரில் கெண்டையும் விராலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து துடித்துச் செத்தன. ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தது. தவளைச் சத்தம் நின்றது. கொக்குகள் வேறு ஊர் பார்த்துப் போய்விட்டன. கொசு மட்டும் போகவில்லை — அதைத் தின்ன மீன் இல்லையே! மேலப்பட்டி, கீழப்பட்டி என்று பேதம் பார்க்காமல் கடித்தது. அந்த வட்டாரத்திலேயே கட்சி சேராத ஒரே ஜீவன் அதுதான்.

எங்கள் கடையில் ஏலக்காய் பொறுக்கித் தரம் பிரிக்க வருகிற ராக்கம்மாவுக்குச் சிக்கல் இன்னும் அதிகம். பிறந்தது மேலப்பட்டி, வாழ்க்கைப்பட்டது கீழப்பட்டி. ஒரு சாவி அவள் அண்ணனிடம், மற்றது புருஷனிடம். அவளிடம் இருப்பது ஒரு சினை எருமை. குளத்தில் கிடக்க வழியில்லாமல் அதன் தோல் வெடித்து ரத்தம் கசிந்தது. குடம் குடமாகக் கிணற்றுத் தண்ணீரைச் சுமந்து ஊற்றிப் பார்த்தாள். கிணறும் அடி தட்டிவிட்டது.

"இனி தாங்காதுண்ணே. கன்னும் போயிரும், அதுவும் போயிரும்" என்றாள் ஒருநாள். கை காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தது, கண் அதில் இல்லை. அதனால்தான் இரண்டு ஊரும் சமாதானம் பேசக் கூப்பிட்டதும் கிளம்பினேன். பத்திரிகையில் எழுதுகிறவன் பொது மனிதனாம்.

ஆடி மழை மலையில் கொட்டி, ஓடை புரண்டு ஓடியது. இந்தக் கரையில் மேலப்பட்டி, அந்தக் கரையில் கீழப்பட்டி. நடுவில் தண்ணீர் யாருக்கும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அது போட்ட சத்தத்தில், 'தண்ணீர் இல்லாமல் சாகிறோம்' என்று இவர்கள் கத்தியது சரியாகக் காதில் விழவில்லை.

ஒருவழியாக, பூட்டுகளைத் திறப்பது என்று முடிவானது. கொரியாச் சண்டையில்கூடச் சமாதானப் பேச்சு இவ்வளவு சீக்கிரம் முடியவில்லை. நான் துண்டை உதறித் தோளில் போடுவதற்குள் அடுத்த கேள்வி... யார் முதலில் திறப்பது?

"மொதல்ல தொறந்தா நாங்க எறங்கி வந்த மாதிரி ஆயிரும். நீ தொற மாப்ளே" என்றார் ராக்கம்மாவின் அண்ணன்.

"ஏன், நீங்க எறங்குனா ஆகாதா மச்சான்?" என்றார் புருஷன்.

மறுபடி பரிவட்டம். மறுபடி சித்திரை மாதம். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது எருமையை ஓட்டிக்கொண்டு ராக்கம்மா வந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

"அண்ணே, சாவியக் கொண்டா." புருஷன் பக்கம் திரும்பி, "உங்களதையும் குடுங்க. நான் தொறந்தா யாரும் தோத்தவுக ஆக மாட்டீக. பொம்பளைக்கு ஏது பரிவட்டம்?"

இரண்டு கரையிலிருந்தும் சாவிகள் வந்தன. திறந்தாள். பலகை மேலே ஏறியதும் தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்தது.

ஒரு பெரியவருக்கு மட்டும் சந்தேகம். "ஆமா தாயி, எந்தப் பூட்ட மொதல்ல தொறந்த?"

"கவனிக்கலையே" என்று சொல்லிவிட்டு எருமைக்குப் பின்னால் நடந்துவிட்டாள்.

இப்போது குளத்தில் தண்ணீர் இருக்கிறது. எருமை கழுத்தளவு கிடக்கிறது. மீன்தான் இல்லை. ஒரு கொக்கு வந்து, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் பறந்துவிட்டதாம். பரிவட்டம் கட்டி அழைத்தால் ஒருவேளை திரும்பி வரலாம்.

எந்தப் பூட்டு முதலில் என்ற விசாரணை மும்முரமாக நடக்கிறது. அது முடியும்வரை மதகைத் திரும்பப் பூட்டிவைக்கலாம் என்றும் ஒரு யோசனை உண்டு. நல்லவேளை, பூட்டுகளைக் காணோம்.

மதகு திறந்த மறுநாள் காலை ராக்கம்மா மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தவை இரண்டும், என் கடையில் ஏலக்காய் மூட்டைக்கு அடியில் இருக்கின்றன — இது நமக்குள் இருக்கட்டும்.