காலிக் கோட்டையில் ஓர் இளநீர்

இலங்கையின் காலிக் கோட்டை மதில்மேல் குடும்பத்தோடு நிற்கிறோம். கொழும்பிலிருந்து காலையில் கிளம்பிய ஒருநாள் பயணம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் டச்சுக்காரர்கள் கட்டிய தெருக்கள். அப்பா இரண்டையும் பார்க்கவில்லை. பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறையில் நானூறு தென்னைக்குச் சொந்தக்காரர் அவர். கண்ணில் படும் மரத்திலெல்லாம் குலையை எண்ணி, "நம்முளுதுல பாதிகூட இல்ல" என்று மதிப்பெண் போடுகிறார்.

வெயில் மண்டையைப் பிளக்கிறது. மதிலோரம் ஒருவர் செவ்விளநீர் விற்கிறார். நான் அந்தப் பக்கம் திரும்பியதுமே அப்பா தடுக்கிறார்.

"காசு குடுத்து எளநி குடிச்சோம்னு ஊர்ல தெரிஞ்சா மானம் போயிரும், கண்ணு."

பாட்டிலில் சூடேறிக் கிடக்கும் தண்ணீரை ஆளுக்கு ஒரு வாய் குடிக்கிறோம்.

"எங்கேந்து வாறீங்க?" இளநீர்க்காரர் தமிழிலேயே கேட்கிறார்.

"கேரளாங்க" என்கிறார் அப்பா.

"அங்கயெல்லாம் தென்னமரம் இரிக்கா?"

அப்பாவின் முகம் சிவக்கிறது. அவர் பதில் தேடுவதற்குள் அம்மா நேராகப் போய் ஒன்றை வெட்டச் சொல்கிறாள்.

"ஏம்புள்ள, நம்ம தோப்புல இல்லாததா?"

"முப்பது வருசமா அந்தத் தோப்புலதான் இருக்கறனுங்க. காய் பூராத்தையும் லாரில ஏத்தி உட்டீங்க. எனக்குன்னு ஒண்ணு வெட்டிக் குடுத்திருக்கறீங்களா?"

ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்கிறாள். இளநீர்க்காரர் கத்தியை ஓங்கியபடி, "ஐயாவுக்கும் ஒண்டு வெட்டவா?" என்கிறார்.

காலிக்கு வந்ததிலிருந்து முதன்முறையாக அப்பா கடலைப் பார்க்கத் தொடங்குகிறார்.