பஞ்சுப் பெட்டிமேல் பத்து நிமிடம்

இந்த நேரத்தில் நம் வார்டு குரூப்பில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

மாரீஸ்வரி அக்கா போய்விட்டார் என்று போன் வந்தபோது குக்கரில் பருப்பு வைத்திருந்தேன். மாரடைப்பாம். டூட்டிக்குக் கிளம்பி, ஆமத்தூர் வீட்டு வாசலில் செருப்பு மாட்டக் குனிந்தவர் எழவில்லை. அங்கே போகிற பாதி வழியில்தான் அடுப்பை அணைத்தேனா என்று நினைத்தேன். இதை எழுதும்போதும் இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டேன்.

தீக்காய வார்டில் நர்ஸாக அவரோடு ஐந்து வருடம். புண்ணின் பழைய கட்டைப் பிரிக்கும்போது பட்டாசு ஆலைத் தொழிலாளிகள் அலறுவார்கள். "கத்துங்கண்ணே. ஆனா எம் பேரைச் சொல்லிக் கத்துங்க. வீட்ல ஒருத்தரும் அம்புட்டு ஆசையாக் கூப்பிட மாட்டாக" என்பார். அந்த வலியிலும் சிரித்தவர்களை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள்.

பஞ்சுப் பெட்டியை மறந்திருக்க மாட்டீர்கள். நம் கையில் ஒருவர் இறந்த நாளில் அக்கா நம்மை நேரே வீட்டுக்கு விடமாட்டார். டிரெஸ்ஸிங் அறையில் அதன்மேல் உட்காரவைத்து, பத்து நிமிடம் பேசச் சொல்வார். "இங்கனயே இறக்கி வச்சிட்டுப் போங்க. வீட்ல பிள்ளைக இருக்கு." ஆறுதல் சொல்லமாட்டார், காது கொடுத்துக் கேட்பார். இறந்த பெண்ணின் கொலுசைக் கழற்ற முடியாமல் நின்றதை ஒருநாள் சொன்னேன். எழுந்து போய், நான் கை கழுவக் குழாயைத் திறந்துவிட்டார். அன்று வீட்டில் பாப்பாவைத் தூக்க முடிந்தது.

அக்காவும் அதில் உட்கார வேண்டியவர் என்று நமக்குத் தோன்றவே இல்லை.

போன மாதம், ஆலை விபத்தில் வந்த மூன்று பேரும் அடுத்தடுத்து இறந்த நாள். பஸ்ஸுக்கு ஓடிய என்னை அக்கா நிறுத்தினார். "ஏம்மா கவி, இன்னைக்கு நான் உக்காரட்டுமா? பத்து நிமிசம் இருப்பியா?"

பால் கட்டி நெஞ்சு கனத்தது. நாளைக்கு இருக்கிறேன் என்றேன். "போ போ, பிள்ள அழும்" என்று அவரே என் பையை எடுத்துக் கொடுத்தார். மறுநாள் நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பத்து நிமிடம்தான். திங்கட்கிழமை முதல் பெட்டிக்குப் பக்கத்தில் நான் இருப்பேன். என்னையும் யாராவது உட்காரவையுங்கள்.

அன்று நான் போன பிறகு, உங்களில் யாராவது அக்காவோடு உட்கார்ந்தீர்களா? இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.