திருநீற்றில் நட்ட கொரிய ஊதுபத்தி

லண்டன் நியூ மோல்டனில் என் வீட்டுக்குள் காலையில் ஒரு வாசம் வரும். சந்தனமும் இல்லை, சாம்பிராணியும் இல்லை. நனைந்த மரப்பட்டை போன்ற ஏதோ ஒன்று. பக்கத்து வீட்டுக் கொரியப் பெண்மணி மிஸிஸ் ஹான் கொளுத்தும் ஊதுபத்தி அது. என் கணவர் இறந்தபோது எனக்கும் ஒரு பெட்டி கொண்டுவந்து தந்தார்.

வழக்கம்போல வாழைப்பழத்தில் குத்தினேன். முறிந்துபோனது. நம் ஊதுபத்திக்குள் இருக்கும் ஈர்க்கு அதில் இல்லை. முழுக்க மரத்தூளும் மூலிகையும்தான். கிண்ணத்தில் சாம்பல் நிரப்பி அதில் நட வேண்டும் என்று மிஸிஸ் ஹான் கையால் காட்டினார். "முடியும்வரை கூடவே இருக்க வேண்டும்" என்றார். நெருப்புக்குப் பயப்படுகிறாராக்கும் என்று நினைத்து, வீட்டில் ஸ்மோக் அலாரம் இருக்கிறது என்றேன். அவர் தலையாட்டி மறுத்துவிட்டு, என் கார்பெட்டில் சம்மணமிட்டு அமர்ந்து கண்களை மூடிக் காட்டினார்.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் அப்படி இருந்ததில்லை. கொளுத்தி, சாமிப் படங்களுக்குக் காட்டி, பழத்தில் குத்திவிட்டு ஓடுவோம். மிச்சக் கும்பிடலைப் புகை பார்த்துக்கொள்ளும். லண்டனிலும் அதே ஓட்டம்தான். கணவர் போனபின் வெறும் வீட்டுக்குப் பயந்து, முதியோர் இல்லச் சமையலறையில் கிடைத்த ஷிப்ட் எல்லாம் எடுத்தேன். வீட்டில் இருக்கப் பயந்துதான் ஓடுகிறேன் என்று மகள் கண்டுபிடித்துவிட்டாள்.

"வீட்டை வித்துப்போட்டு என்னோட வாங்கோ அம்மா. உங்களால தனிய இருக்க ஏலாது. ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்லுங்கோ."

அந்த 'ஏலாது' என்னைச் சுட்டது. கணவரின் படத்துக்கு முன்னால் ஒரு குச்சி முடியும்வரை எழும்பாமல் இருந்துவிட்டால் இந்த வீட்டை விடுவதில்லை என்று தீர்மானித்தேன்.

கரண்ட் அடுப்புள்ள வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது? விம்பிள்டன் கோவிலில் தந்த திருநீற்றுப் பொட்டலங்கள் மேசை லாச்சியை இழுத்தால் நிறையக் கிடந்தன. எல்லாவற்றையும் கிண்ணத்தில் கொட்டினேன். முதல்நாள் பாதியில் எழும்பிப்போய், கழுவிய சட்டியையே திரும்பக் கழுவினேன். மறுநாள் அழுகை வந்தது, எழும்பிவிட்டேன். அதற்கடுத்த நாளும் தோல்விதான். ஆனாலும் விடவில்லை.

ஞாயிறு காலை பாதிக் குச்சியில் போன் அடித்தது. அழுதுகொண்டேதான் இருந்தேன், ஆனால் எழும்பவில்லை. கடைசிப் புகையும் அடங்கிய பிறகுதான் மகளுக்கு எடுத்தேன்.

"ஏனம்மா போன் எடுக்கேல்ல? பயந்துபோனன். எங்க நிண்டனீங்கள்?"

"வீட்டிலதான் பிள்ளை. சும்மா இருந்தனான்."

"சும்மாவோ? நீங்களோ?"

"ஓம். நான் அங்க வரேல்ல. இஞ்சதான் இருக்கப்போறன்."

"சரி, வாற கிழமை நான் வாறன்" என்றாள்.

கிண்ணத்தில் கொரியச் சாம்பல் எங்கள் திருநீற்றோடு கலந்து கிடந்தது. எது எந்த ஊருடையது என்று இனிப் பிரிக்க முடியாது. மூன்று விரலால் அள்ளி நெற்றியில் பூசிக்கொண்டு ஷிப்டுக்குப் புறப்பட்டேன்.